சிசிலியின் தென்கிழக்கு மூலை: பழைய ஊர்களும் கடற்கரைகளுமாக ஓர் அவசரமில்லாத விடுமுறை

மத்தியதரைக் கடலில் உள்ள தீவுகளிலேயே பெரியது இத்தாலியின் சிசிலி. அதன் பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீட்டர். ஒரு வாரம், பத்து நாள் விடுப்பில் பலெர்மோ, அக்ரிஜென்டோ, தவோர்மினா, எட்னா எரிமலை என்று தீவை முழுச் சுற்றுச் சுற்றிவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் பலர். அவர்களுடைய நாட்களில் பாதி நெடுஞ்சாலையிலும், மீதியில் ஒரு பங்கு பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலும் கழிந்துவிடுகின்றன. ஓய்வுக்காகப் போகிறவர்கள் அப்படிச் செய்ய வேண்டியதில்லை. தீவின் ஒரே ஒரு மூலையைத் தேர்ந்தெடுத்து, அங்கே இரண்டு ஊர்களில் மட்டும் தங்கி, காலையும் மாலையும் ஊரைப் பார்ப்பது, நடுவில் கடலில் இறங்குவது என்று நாளை அமைத்துக்கொள்வதே இந்தத் தீவுக்குப் பொருந்தும் வழி என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஒரு மூலை எது என்று கேட்டால் நான் தயங்காமல் தென்கிழக்கைச் சொல்வேன். சிராகுசாவிலிருந்து நோட்டோ ஏறக்குறைய 40 கிலோமீட்டர். மோடிகாவிலிருந்து ரகூசா 15 கிலோமீட்டர். ஷிக்லியிலிருந்து சம்பியேரி கடற்கரை 10 கிலோமீட்டர்தான். கிரேக்கர் காலத்து நகரம் ஒன்றும், ஒரே நிலநடுக்கத்தில் அழிந்து ஒரே தலைமுறைக் கலைஞர்களின் கையால் மீண்டெழுந்த ஊர்கள் பலவும், பாறைக்கரை, மணற்கரை என இருவகைக் கடற்கரைகளும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடம் தீவில் வேறில்லை.

எப்போது போவது

மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் இறுதி வரையும், செப்டம்பர் முதல் அக்டோபர் முதல் வாரங்கள் வரையும் ஏற்ற காலம். மே மாதத்தில் மலைச்சரிவுகள் பசுமையாக இருக்கும், ஆனால் கடல் நீர் இன்னும் சற்றுக் குளிர்ந்தே இருக்கும். கோடை முழுவதும் சூடேறிய கடல் செப்டம்பரில் அந்தச் சூட்டை இழக்காமல் இருக்கும், கூட்டமோ கலைந்துவிட்டிருக்கும். நீந்துவதுதான் முதல் விருப்பம் என்றால் செப்டம்பரைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட்டைத் தவிர்ப்பது நல்லது. 2021 ஆகஸ்ட் 11 அன்று சிராகுசாவுக்கு அருகில் பதிவான 48.8 பாகை செல்சியஸ் ஐரோப்பாவிலேயே மிக அதிகமான வெப்பநிலை என்று உலக வானிலை அமைப்பு உறுதிசெய்திருக்கிறது. வெயிலோடு நெரிசலும் சேரும்: ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெருவிடுமுறை நாள், அதையொட்டிய இரு வாரங்களில் நாடே கடற்கரைக்கு வந்துவிடும், தங்கும் கட்டணமும் உச்சத்தில் இருக்கும்.

மே, ஜூன் மாதங்களில் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிராகுசாவின் கிரேக்க அரங்கில், பாறையைக் குடைந்து அமைத்த அதே பழைய படிவரிசைகளில் அமர்ந்து, பண்டைய கிரேக்க நாடகங்களை அந்திப் பொழுதில் பார்க்கலாம். 1914இல் தொடங்கிய வழக்கம் இது. வசனம் இத்தாலிய மொழியில் இருக்கும் என்பதால் கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போவதும், கல் படியில் நெடுநேரம் உட்கார வேண்டியிருப்பதால் ஒரு சிறு மெத்தை எடுத்துச் செல்வதும் உதவும்.

போய்ச் சேர்வது

விசா தேவைப்படும் நாட்டவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் அதற்குக் கட்டாயம். நீங்கள் இறங்க வேண்டிய விமான நிலையம் கட்டானியா. அங்கிருந்து சிராகுசாவுக்கு நேரடிப் பேருந்துகள் உண்டு. ஒன்றேகால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். முதல் சில நாட்களுக்குக் கார் வேண்டாம். அது ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் தங்குமிடம்: ஒர்தீஜா

சிராகுசாவின் பழைய நகரம் ஒர்தீஜா என்னும் சிறு தீவில் இருக்கிறது. பெருநகரத்தோடு பாலங்களால் இணைந்த இந்தத் தீவின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். கொரிந்து நகரிலிருந்து வந்த கிரேக்கர்கள் கி.மு. 734ஐ ஒட்டி இங்கே குடியேறினார்கள் என்பது மரபு வழக்கு. ஆர்க்கிமிடீஸ் பிறந்ததும், கி.மு. 212இல் ரோமானியர்கள் நகரைக் கைப்பற்றியபோது கொல்லப்பட்டதும் இந்த ஊரில்தான். அறையை ஒர்தீஜாவுக்குள்ளேயே எடுங்கள். பாலத்துக்கு அப்பால் சற்று மலிவாகக் கிடைத்தாலும், அதிகாலையிலும் பின்னிரவிலும் இந்தச் சந்துகளில் நடக்கும் வாய்ப்பை அதற்காக விட்டுக்கொடுக்க வேண்டாம். நான்கு இரவுகள் இங்கே போதுமானவை.

முதல் நாள் காலையில் வேறு எதையும் வைத்துக்கொள்ளாமல் ஊரின் தலைமைத் தேவாலயத்துக்கு மட்டும் போங்கள். சதுக்கத்தைப் பார்த்து நிற்கும் முகப்பு 18ஆம் நூற்றாண்டின் அலங்காரம் மிகுந்த பரோக் பாணியில் அமைந்தது, அழகானது, எல்லோரும் படமெடுப்பது. ஆனால் உள்ளே நுழைவதற்கு முன் பக்கவாட்டுச் சந்துக்குள் திரும்பி, சுவரை அருகில் சென்று பார்க்க வேண்டும். சுவருக்குள் பாதி புதைந்தபடி, நெடுக வரிப்பள்ளங்கள் ஓடும் தடித்த டோரிக் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கி.மு. 480இல் ஹிமேரா போரில் வென்ற பிறகு கெலோன் என்னும் ஆட்சியாளர் அதீனா தேவிக்கு எழுப்பிய கோயிலின் தூண்கள் அவை. கிறித்தவர்கள் அந்தக் கோயிலை இடிக்கவில்லை. தூண்களுக்கு இடையே இருந்த வெளியைச் சுவர் வைத்து அடைத்தார்கள், கருவறையின் சுவர்களை வளைவுகளாக வெட்டித் திறந்தார்கள், அதையே ஆலயமாக ஆக்கிக்கொண்டார்கள். அரபியர் ஆட்சியில் அது பள்ளிவாசலாக இருந்தது, நார்மானியர் வந்தபின் மீண்டும் தேவாலயமானது. அந்தத் தூணில் கை வைத்தால், ஏறக்குறைய 2,500 ஆண்டுகளாக வழிபாடு நின்றுபோகாத ஒரு கட்டடத்தைத் தொடுகிறீர்கள். தெற்கு இத்தாலியில் பார்க்கத் தகுந்தவற்றில் எனக்கு இதுவே முதன்மையானது.

தேவாலயத்திலிருந்து தெற்கே சில நிமிடம் நடந்தால் அரெத்தூசா நீரூற்று வரும். கடலுக்குச் சில அடி தூரத்தில் நன்னீர் ஊறும் குளம் அது, நடுவில் பப்பைரஸ் நாணல் அடர்ந்து வளர்ந்திருக்கும். தீவின் தென்முனையில் இருக்கும் மனியாச்சே கோட்டையை 13ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ஃபிரெடெரிக் பேரரசர் கட்டினார். வடமுனையில் அப்பல்லோ கோயிலின் இடிபாடுகளை ஒட்டி, ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலைச் சந்தை கூடுகிறது. மீன், எலுமிச்சை, அவோலா பாதாம், பக்கீனோ தக்காளி, வெயிலில் உலர்த்திய தக்காளி எல்லாம் அங்கே கிடைக்கும். மதிய உணவுக்கு வேண்டிய ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பழத்தையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

குளிக்க ஊரை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. ஒர்தீஜாவின் கிழக்குப் பக்கத்தில் சிறு கூழாங்கல் கரை ஒன்று இருக்கிறது. கோடையில் பாறைகளின் மேல் மரத்தளங்களும் அமைத்துவிடுவார்கள், அவற்றின் ஏணிகளில் இறங்கினால் நேராக ஆழ்ந்த, தெளிந்த நீர். நீந்தத் தெரியாதவர்களுக்கு இந்த இடங்கள் ஏற்றவையல்ல. அவர்கள் பேருந்தில் ஃபோன்டானே பியாங்கே என்னும் வெண்மணல் கரைக்குப் போவது நல்லது.

நகரின் நிலப்பகுதியில் உள்ள நியாபோலிஸ் தொல்லியல் பூங்காவுக்கு ஒரு காலைப் பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். திறக்கும் நேரத்திலேயே போய்விட வேண்டும், ஏனென்றால் அரங்கின் வெண்பாறையில் படும் வெயில் பத்து மணிக்கு மேல் கண்ணைக் கூசவைக்கும். அரங்குக்குப் பின்னால் உள்ளவை போன்ற, கல் வெட்டியெடுத்த குழிகளில்தான் கி.மு. 413இல் தோற்றுப்போன ஏதென்ஸ் படையின் கைதிகள் ஏறக்குறைய ஏழாயிரம் பேர் வெட்டவெளியில் அடைக்கப்பட்டு, பெரும்பாலோர் மடிந்தார்கள். இன்று அங்கே எலுமிச்சை மரங்கள் நிழல் தருகின்றன. அங்குள்ள உயரமான குகையில் மெல்லப் பேசினாலும் ஒலி பெருகிக் கேட்கும். ‘டயோனிசியஸின் காது’ என்று அதற்குப் பெயரிட்டவர் 1608இல் இங்கே வந்த ஓவியர் காரவாஜ்ஜோ என்பார்கள். பாவோலோ ஓர்சி தொல்லியல் அருங்காட்சியகம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது, ஆனால் பூங்காவைப் பார்த்த அதே நாளில் அதையும் சேர்க்காதீர்கள். களைத்த கண்ணுக்கு எல்லாப் பானைகளும் ஒன்றாகவே தெரியும்.

நாளை எப்படிப் பிரிப்பது

இந்தப் பகுதியில் கடைகளும் தேவாலயங்களும் மதியம் ஒரு மணியளவில் மூடிக்கொண்டு, நான்கு மணிக்குப் பிறகே திறக்கின்றன. இதை எதிர்த்து அலைபவர்கள் பூட்டிய கதவுகளையும் சுடும் கற்களையும் தவிர வேறு எதையும் காண்பதில்லை. எனவே காலை எட்டு முதல் பதினொன்றரை வரை ஊர். பிறகு எளிய உணவும் அறையில் உறக்கமும். நான்கு மணிக்குக் கடல். ஏழு மணிக்குக் குளித்து, உடைமாற்றி, ஊரார் எல்லோரும் வீதியில் உலாவும் நேரத்தில் நீங்களும் கலந்துகொள்ளலாம். எட்டு மணிக்கு முன்னால் உணவகங்களில் இரவு உணவு அனேகமாகக் கிடைக்காது. கடற்கரை நாள் என்று தனியாக ஒதுக்கினால், எட்டரை மணிக்கே போய் பதினொன்றுக்குத் திரும்பிவிடுவது தோலுக்கும் நல்லது, நிறுத்துமிடமும் கிடைக்கும்.

காலை உணவுக்கு கிரனீத்தா சாப்பிடுங்கள். கண்ணாடிக் கோப்பையில் பாதாம், காப்பி, எலுமிச்சை, பருவத்தில் முசுக்கொட்டைப் பழம் ஆகியவற்றில் ஒன்றின் சாறு பாதி உறைந்த நிலையில் வரும், கூடவே உச்சியில் ஒரு சிறு குமிழ் வைத்த மென்மையான பிரியோஷ் ரொட்டி. அந்தக் குமிழை முதலில் பிய்த்து, கிரனீத்தாவில் தோய்த்து உண்பதுதான் ஊர் வழக்கம். வெயில் ஏறும் நாளுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் எனக்குத் தெரியாது.

காரும் அதன் தொல்லைகளும்

நான்காம் நாளுக்குப் பிறகு கார் எடுத்துக்கொள்ளுங்கள். சிராகுசாவிலிருந்து நோட்டோ, ஷிக்லி, மோடிகா, ரகூசா வழியாக ஓர் இரயில் பாதை இருக்கிறது. நோட்டோவுக்கு அரை மணி நேரத்தில் போகலாம். ஆனால் வண்டிகள் குறைவு, ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் குறைவு, கடற்கரைகளை அவை தொடுவதும் இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற உரிமத்தோடு வருபவர்கள் பொதுவாக சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் சேர்த்து எடுத்துவர வேண்டும். வண்டி சாலையின் வலப்பக்கம் ஓடும். கட்டானியா, சிராகுசா நெடுஞ்சாலையில் சுங்கம் இல்லை.

கவனமாக இருக்க வேண்டியது பழைய ஊர்களின் மையங்களில். ஒர்தீஜா உட்பட இந்தப் பகுதியின் பல பழைய நகர மையங்கள் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்படுத்தப்பட்டவை. நுழைவாயிலில் ‘சோனா அ டிராஃபிக்கோ லிமிதாதோ’ என்ற பலகையும் கண்காணிப்புக் கருவியும் இருக்கும். தடை நேரத்தில் நுழைந்தால் அபராதம் வாடகை நிறுவனத்தின் வழியாக, மாதங்கள் கழித்து உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போவதே வழி. நீலக் கோடு என்றால் கட்டண நிறுத்தம், வெள்ளைக் கோடு இலவசம், மஞ்சள் கோடு பிறருக்கு ஒதுக்கியது.

நிலநடுக்கம் கட்டிய ஊர்கள்

1693 ஜனவரி 11 அன்று நேர்ந்த நிலநடுக்கம் தென்கிழக்குச் சிசிலியைத் தரைமட்டமாக்கியது. ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் இறந்தார்கள். அதன்பின் அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த ஊர்கள் அனைத்தும் பரோக் பாணியில் எழுந்தன. அவற்றுள் எட்டை 2002இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எட்டையும் பார்க்க வேண்டுமென்ற கணக்கை விட்டுவிடுங்கள். நோட்டோ, ரகூசா, மோடிகா, ஷிக்லி ஆகிய நான்கு போதும்.

நோட்டோவைப் பழைய இடத்திலேயே கட்டாமல், சில கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள். தேன் நிறக் கல்லால் ஆன அதன் முதன்மை வீதி கிழக்கு மேற்காக நீண்டிருப்பதால், மாலை வெயில் வீதியின் நீளத்துக்கும் பாய்ந்து எல்லா முகப்புகளையும் ஒன்றாக ஒளிர்விக்கும். ஐந்து மணிக்கு முன் போனால் இதை இழந்துவிடுவீர்கள். சான் கார்லோ ஆலயத்தின் மணிக்கூண்டில் ஏறி வீதியை மேலிருந்து பாருங்கள். பிறகு நிக்கோலாச்சி மாளிகையின் பால்கனிகளுக்குக் கீழே நின்று, அவற்றைத் தாங்கும் சிங்கங்களையும் குதிரைகளையும் ஒவ்வொன்றாகக் கவனியுங்கள். மே மாதத்தின் மூன்றாம் ஞாயிற்றை ஒட்டி அந்த மாளிகைச் சந்து முழுவதும் பூவிதழ்களால் ஓவியம் தீட்டுவார்கள். அழகுதான், ஆனால் அந்த நாட்களில் கூட்டம் நெரிக்கும். நோட்டோவின் தலைமைத் தேவாலயத்தின் குவிமாடம் 1996இல் இடிந்து விழுந்தது. மீட்டுக் கட்டப்பட்டு 2007இல் திறக்கப்பட்டது.

இரண்டாவது தங்குமிடமாக ரகூசா இப்லாவை எடுத்துக்கொள்ளலாம். நிலநடுக்கத்துக்குப் பின் ரகூசாவாசிகளில் ஒரு பகுதியினர் மேட்டு நிலத்தில் புது ஊர் கட்டினார்கள், மற்றவர்கள் பழைய குன்றை விட்டு நகர மறுத்து அங்கேயே இப்லாவை எழுப்பினார்கள். இரண்டுக்கும் நடுவே சில நூறு படிகள் இறங்குகின்றன. படிகளின் தலைப்பில் உள்ள சாந்தா மரியா தெல்லே ஸ்காலே ஆலயத்தருகே நின்று பார்த்தால் முழு இப்லாவும் எதிரே தெரியும். கீழே, ரொசாரியோ கலியார்தி வடிவமைத்த சான் ஜோர்ஜோ ஆலயம் சதுக்கத்துக்கு நேராக இல்லாமல் சற்றுக் கோணலாக, உயர்ந்த படிகளின் மேல் அமர்ந்திருக்கிறது. மூட்டுவலி உள்ளவர்கள் படிகள் வழியாக இறங்கி, ஏறும்போது நகரப் பேருந்தைப் பிடித்துக்கொள்ளலாம். மூன்று அல்லது நான்கு இரவுகள் இங்கே தங்கி, மற்ற ஊர்களுக்கு அரைநாள் பயணமாகப் போய்வரலாம்.

மோடிகாவில் 250 படி ஏறி அந்த ஊரின் சான் ஜோர்ஜோ ஆலயத்தைப் பார்த்தபின், ஊரின் சாக்லேட்டைச் சுவைக்க வேண்டும். கொக்கோவைக் குறைந்த சூட்டில் பிசைவதால் சர்க்கரை அதில் கரைவதில்லை. கட்டியை உடைத்தால் உட்புறம் மணல் போலப் பொடிப்பொடியாக மின்னும், பல்லில் நறநறக்கும். இலவங்கப்பட்டை, வனிலா, மிளகாய் சேர்த்தவை மரபானவை. வெண்ணெய்போல் வழுக்கும் சாக்லேட்டுக்குப் பழகியவர்கள் முதல் துண்டில் ஏமாற்றமடையலாம். இரண்டாம் துண்டுக்குப் பிறகு முடிவு செய்யுங்கள். ஷிக்லி இந்த நான்கில் அமைதியானது. சான் மத்தேயோ குன்றுக்கு மாலையில் ஏறி இறங்கினாலே அந்த ஊருக்குப் போதும்.

கடற்கரைகள்

கிழக்குக் கரை பெரும்பாலும் பாறையும் ஆழமும் தெளிவும். தெற்குக் கரை நீண்ட மணலும் ஆழமற்ற நீரும். குழந்தைகளோடு போகிறவர்களுக்குத் தெற்கே உள்ள மரீனா தி ரகூசாவும் சம்பியேரியும் பொருந்தும். சம்பியேரியின் ஒரு கோடியில், 1924இல் எரிந்துபோன செங்கல் சூளையின் எலும்புக்கூடு கடலைப் பார்த்து நிற்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது நோட்டோவுக்குத் தெற்கே உள்ள வெண்டிக்காரி இயற்கைக் காப்பகம். பழைய உப்பளக் காயல்கள், அவற்றில் பூநாரைகள், பாழடைந்த சூரை மீன் ஆலை, அதை ஒட்டிய கோபுரம், இடையிடையே கட்டடம் எதுவும் எழாத மணற்கரைகள். பறவைகளுக்காகப் போகிறவர்களுக்கு இலையுதிர் காலம் நல்லது. கலமோஸ்கே என்னும் குடாக்கரைக்கு வண்டி போகாது. நிழலில்லாத பாதையில் நடந்துதான் போக வேண்டும். எனவே நீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும், குப்பையைத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள். அதற்குத் தெற்கே மார்சமேமி என்னும் பழைய மீனவர் குடியிருப்பு இரவு உணவுக்கு ஏற்ற இடம்.

கடற்கரைகளில் லீடோ எனப்படும் கட்டணப் பகுதியும், பொதுக் கரையும் அடுத்தடுத்து இருக்கும். லீடோவில் குடையும் சாய்வுப் படுக்கையும் கழிப்பறையும் கிடைக்கும்; விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள். அலை தொடும் விளிம்பில் நடக்க யாருக்கும் உரிமை உண்டு. வடமேற்குக் காற்று வீசும் நாளில் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து சிரோக்கோ என்னும் வெப்பக் காற்று வீசும் நாளில் கடலை மறந்துவிட்டு, தடித்த சுவர்களுள்ள தேவாலயங்களுக்குள் புகுந்துகொள்ளுங்கள். அங்கே தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும். ஆகவே கடற்கரைப் பையில் எப்போதும் ஒரு துப்பட்டா இருக்கட்டும்.

உணவும் பணமும்

சைவ உணவுக்காரர்களுக்கு இந்தத் தீவு கடினமில்லை. கத்தரிக்காயும் தக்காளியும் உப்பிட்ட ரிக்கோத்தாவும் சேர்ந்த பாஸ்தா அல்லா நோர்மா, புளிப்பும் இனிப்புமான கப்போனாத்தா, ரகூசாவின் மடித்துச் சுட்ட ஸ்காச்சா ரொட்டி ஆகியவை எங்கும் கிடைக்கும். சில குழம்புகளில் நெத்திலி கரைந்திருக்கும் என்பதால் ‘சென்சா கார்னே, சென்சா பேஷே’ என்று சொல்லி, இறைச்சியும் மீனும் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். உணவகக் கணக்கில் ஆளுக்கு ஒரு சிறு தொகை ‘கொபேர்த்தோ’ என்று சேர்ந்திருக்கும், அது வழக்கமானது. தங்குமிடங்களில் ஆளுக்கு இத்தனை என்று இரவுதோறும் உள்ளூர் வரி உண்டு, அதைப் பெரும்பாலும் ரொக்கமாகக் கேட்பார்கள்.

திரும்பும்போது கடைசி இரவைக் கட்டானியாவிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ரகூசாவிலிருந்து அங்கே போக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். எட்னா சாம்பலைக் கக்கினால் விமான நிலையம் சில மணி நேரம் மூடப்படுவதும் உண்டு. ஆகவே அடுத்த விமானத்துக்கு நெருக்கமான இணைப்பு நேரத்தைத் தவிர்த்து, போதிய இடைவெளி விட்டே பயணச்சீட்டு எடுங்கள்.